கிட்டார் பாடக் காணொளிகள்: உரிமையைத் தீர்மானிக்கும் வடிவம்

திருச்சி தில்லை நகரிலோ திருவரங்கத்து உத்தர வீதியிலோ கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியர் தம் பாடத்தைக் காணொளியாக்கிப் பகிரும்போது, பாட்டுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார். அந்தப் பாடம் எந்த வடிவில், யாரிடம் போகிறது என்ற கேள்வியை எவரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடத்துக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதை இந்த இரண்டாம் கேள்வியே தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

மூன்று உருப்படிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, தியாகராஜரின் ஸ்ரீரங்க பஞ்சரத்தினத்தில் ஒன்றான காம்போஜி ராகக் கிருதி ‘ஓ ரங்கசாயி’. அவர் மறைந்தது 1847இல். படைப்பாளி மறைந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் என்பது சட்டத்தின் கணக்கு. ஆகவே இந்தக் கிருதி பொதுச்சொத்து. மலைக்கோட்டைத் தாயுமானவர் மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய ‘ஸ்ரீ மாத்ருபூத’மும் அப்படித்தான். இரண்டாவது, லால்குடி ஜெயராமனின் தேஷ் தில்லானா. திருச்சியை ஒட்டிய லால்குடியைச் சேர்ந்த அவர் 2013இல் காலமானார். அவருடைய ஆக்கங்களுக்கு 2073 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. கர்நாடக இசை என்றாலே பழையது, பழையது என்றாலே இலவசம் என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. மூன்றாவது, கிட்டார் கற்பவர்கள் ஆசையோடு கேட்கும் ‘இளைய நிலா’. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடல். கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இதன் இசையாக்கத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை உயிரோடிருக்கிறது.

முதல் உருப்படியிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கிருதிக்கு உரிமையாளர் இல்லாவிட்டாலும் அதைப் பாடிய ஒலிப்பதிவுக்கு உண்டு: 1970இல் வெளியான இசைத்தட்டுக்கு 2030 இறுதிவரை. அந்தப் பதிவைப் பின்னால் ஓடவிட்டு ஆசிரியர் அதன்மேல் வாசித்தால், பொதுச்சொத்தைக் கற்பிக்கப் போய்த் தனிச்சொத்தைத் தொடுகிறார். தம்பூரா சுருதியை வைத்துக்கொண்டு தாமே வாசித்தால் அந்தக் கேள்வியே எழாது. ஆனாலும் யூடியூபின் தானியங்கிப் பொருத்தம் வேறு கணக்குப் போடக்கூடும். 2007இல் வந்த அந்த ஏற்பாடு, நிறுவனங்கள் கொடுத்த மாதிரிக் கோப்போடு ஒலியை ஒப்பிடுகிறது. தியாகராஜர் எப்போது மறைந்தார் என்று அது கேட்பதில்லை. ஆட்சேபித்தால் உரிமை கோரியவருக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு.

இனி 52ஆம் பிரிவு. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் எந்தப் படைப்பையும் படியெடுப்பது மீறலாகாது என்கிறது அதன் (1)(i) கூறு. தில்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் 2016இல் வந்த தீர்ப்புகள் ‘கற்பித்தலின் போக்கு’ என்பதை வகுப்பறைச் சுவருக்குள் அடைக்கவில்லை. எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்தக் கற்பித்தலின் நோக்கமே முடிவுசெய்யும் என்றது அமர்வு. திருச்சி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வுக்கு உட்பட்டது. தில்லித் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டத் தகுந்தது. ஆனால் இந்த விலக்கு பேசுவது படியெடுப்பதைப் பற்றி மட்டுமே. பொதுமக்களுக்கு எட்டச் செய்வது 2(ff) பிரிவின்படி தனி உரிமை. ஒருவர்கூடப் பார்க்காவிட்டாலும், பார்க்கக் கிடைக்கும்படி வைத்தாலே போதும். எனவே ‘இளைய நிலா’வின் தொடக்க இசையைப் பிரித்து வாசித்துப் பதிந்து, சேர்ந்து படிக்கும் மாணவர்களுக்குக் கோப்பாகக் கொடுப்பவர் விலக்குக்குள் நிற்கிறார் என்று வலுவாக வாதிடலாம். அதே காணொளி பொதுச் சேனலில் ஏறியதும் அந்த வாதம் மெலிகிறது. முப்பது நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்று இசைப்பள்ளிகளில் உலவும் விதி நம் சட்டத்தில் எங்கும் இல்லை.

டேப் எனப்படும் விரல்குறிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1994 திருத்தத்துக்கு முன் எழுத்தில் வந்த இசையையே சட்டம் இசையாக்கமாகக் கொண்டது. இப்போது இசை முதன்மை, எழுதிய குறிப்பு அதில் அடக்கம். ஆகவே தில்லானாவின் முழு டேப்பைப் பிடிஎஃப் கோப்பாகப் பொதுவில் வைப்பதும் இசையாக்கத்தைப் படியெடுத்துப் பரப்புவதுதான், ஆசிரியர் தம் காதால் கேட்டே அதை எழுதியிருந்தாலும். விரல் வைக்கும் முறை, கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கும் நுட்பம் ஆகியவை எவருக்கும் சொந்தமல்ல. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை.

கோப்பின் வடிவமும் இங்கே வந்து சேர்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்படும். காம்போஜியின் இழுப்பில் இடக்கை விரல் எவ்வளவு நகர்ந்தது என்பது மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். ஒரு சங்கதிக்கு ஒரு கோப்பு என்று வெட்டி, காலப்பிரமாணத்தைக் குறைத்து வாசித்து அனுப்புவது கற்பவருக்கு நல்லது. முழுப் பாட்டுக்கு மாற்றாக அது நிற்காது என்பதால் ஆசிரியரின் சட்ட வாதத்துக்கும் வலு சேர்க்கிறது. இப்படி இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம்.

கடைசியாக ஆசிரியரின் சொந்த உரிமை. வாசிப்பவர் நிகழ்த்துநர், அவர் அனுமதியின்றி மாணவர் வகுப்பைப் பதிந்து ஏற்றுவது 38அ பிரிவைத் தொடும். பயிற்சி மையமே முன்முயற்சி எடுத்துக் காணொளியைத் தயாரித்தால் பதிவின் உரிமையாளர் பெரும்பாலும் மையம்தான்; வாசிப்பின் மீதான உரிமையை ஆசிரியர் எழுதிக் கொடுத்தாலன்றி அது கைமாறாது. எழுதும்போது காலம் குறிக்காவிட்டால் 19ஆம் பிரிவு அதை 5 ஆண்டாகவும், நிலப்பரப்பு குறிக்காவிட்டால் இந்தியா மட்டுமாகவும் கொள்ளும். டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் மாணவர்களைச் சேர்க்கும் திருவரங்கத்து மையம் ஒன்று நிலப்பரப்பைக் குறிக்கும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், அங்கே பாடத்தை விற்பதற்கான உரிமை ஆசிரியரிடமே தங்கிவிடும்.