கொல்லாமற் பிடித்தல்



சென்ற தவணையின் நடுவில் எமது பாடசாலையின் கணித ஆசிரியர் ஒரு மாணவனின் அப்பியாசக் கொப்பியை என் மேசைமீது கொண்டுவந்து வைத்தார். முன்பக்கங்களில் எட்டாந் தரத்துப் பின்னக் கணக்குகள் ஒழுங்காகவே இருந்தன. பின்பக்கத்தைப் புரட்டினாலோ, வாயில் நுழையாத பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் 3, 45, 190, 255 என எண்கள் காணப்பட்டன. மாணவனை அழைத்து விசாரித்தேன். அவன் அஞ்சி அஞ்சிச் சொன்ன விடை இது: வெளிநாட்டிலிருக்கும் மாமன் அனுப்பிய பழைய விளையாட்டுப் பெட்டியில் விநோத உயிர்கள் உலவுகின்றன, அவற்றைப் பிடிப்பதே விளையாட்டு, எந்த உயிர் எளிதில் பிடிபடும், எது பிடிபடாது என்பதைக் காட்டுவன அவ்வெண்கள்.

கொப்பியை அன்றே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆயினும், வரலாற்றைப் பாடமாகக் கற்று வந்தவன் ஆதலின், இப்பிடிக்கும் முறை எங்கிருந்து வந்தது, யாரால் வகுக்கப்பட்டது என்று அறியும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. தேடிப் பார்த்ததில் கிடைத்த செய்திகள் எனக்கே வியப்பைத் தந்தன. அவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கதை யப்பானில் தொடங்குகின்றது. தோக்கியோ நகரின் மேற்கு ஓரத்தில் மச்சிடா என்றோர் ஊர் உண்டு. 1965 ஆம் ஆண்டிற் பிறந்த சதோஷி தஜிரி என்பவர் அங்கே வளர்ந்தார். அக்காலத்தில் மச்சிடாவில் வயல்களும் குளங்களும் சிறு காடுகளும் இருந்தன. யப்பானியச் சிறுவர்க்குக் கோடை விடுமுறை என்றால் பூச்சி பிடிக்கும் பருவம். வலைக் கம்பும் சிறு கூடுமாக அவர்கள் மரஞ்செடிகளிடையே அலைவர். கொம்பு வண்டைப் பிடிப்பதற்கு மரப்பட்டையில் தேனைப் பூசி வைத்துக் காத்திருப்பது வழக்கம். தஜிரி வேறொரு வழி கண்டார். வண்டுகள் பகலிற் கல்லின் கீழ் உறங்க விரும்பும் என்பதைக் கவனித்து, மரத்தடியிற் கல்லொன்றை வைத்துவிட்டு, பின்னர் வந்து அதனைப் புரட்டி எடுப்பாராம். தோழர்கள் அவருக்குப் ‘பூச்சி வைத்தியர்’ என்று பட்டஞ் சூட்டினர்.

அச்சிறுவன் இளைஞனாவதற்குள் ஊர் மாறிவிட்டது. தலைநகரம் பெருகிப் பரவியது, வயல்கள் வீடுகளாயின, மீன் பிடித்த குளமொன்று இருந்த இடத்தில் நாணயம் போட்டு விளையாடும் பொறிக்கூடம் எழுந்தது. பூச்சிகளை இழந்த தஜிரி அப்பொறிக்கூடத்துக்குள்ளேயே புகுந்தார். பள்ளிப் படிப்பிலும் மேலாக அவ்விளையாட்டுகளில் ஈடுபட்டார். 1983 இல் ‘கேம் ஃபிரீக்’ என்னும் கையெழுத்துச் சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்குச் சித்திரம் வரைய வந்தவர் கென் சுகிமோரி. 1989 இல் அச்சஞ்சிகையே விளையாட்டு ஆக்கும் நிறுவனமாக உருமாறியது. பையன் பொறிக்கூடத்திற் பொழுதைக் கழிக்கின்றான் என்று வருந்திய பெற்றோரை நான் குறை கூறமாட்டேன். அவர்கள் நிலையில் இருந்திருந்தால் நானும் அவ்வாறே வருந்தியிருப்பேன்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். விளையாட்டிற் காட்டுயிர்களைத் தன்பக்கம் சேர்க்கும் எண்ணம் தஜிரிக்கு முன்னரே யப்பானில் இருந்தது. 1987 இல் வெளிவந்த ‘மெகாமி தென்செய்’ என்னும் விளையாட்டில் வீரன் பூதங்களோடு பேரம் பேசுவான். அவை பொன்னும் பொருளும் கேட்கும்; கொடுத்தால் ஒருவேளை உடன்வரும்; வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதும் உண்டு. 1992 இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையின் ஐந்தாம் விளையாட்டிலோ, போரில் வீழ்த்தப்பட்ட விலங்கு சில வேளைகளில் எழுந்து நின்று, தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுவதுபோல நோக்கும். சில இனங்கள் நான்கு முறைக்கு ஒருமுறை எழும். சில 256 முறைக்கு ஒருமுறையே எழும். முதலாவது முறை சந்தைக்காரன் முறை. இரண்டாவது, வென்றவன் காலில் தோற்றவன் விழும் முறை. பூச்சி பிடிக்கும் சிறுவனின் முறை இரண்டிலும் இல்லை.

அம்முறையைத் தஜிரி கொண்டுவந்தார். நின்டென்டோ நிறுவனம் 1989 இல் வெளியிட்ட ‘கேம் பாய்’ என்னும் கைப்பெட்டிகள் இரண்டை ஒரு வடத்தால் இணைக்கலாம். பிறர் அவ்வடத்தைப் போட்டிக்கே பயன்படுத்தினர். தஜிரியின் கண்ணுக்கோ அவ்வடத்தின்மீது ஒரு பூச்சி இப்பெட்டியிலிருந்து அப்பெட்டிக்கு ஊர்ந்து செல்வது தோன்றிற்று. இன்னொரு சிறு நிகழ்ச்சியும் அவர் மனத்தில் இருந்தது. ‘டிராகன் குவெஸ்ட்’ இரண்டாம் விளையாட்டில் அரிதாகக் கிடைக்கும் தொப்பியொன்று அவருக்கு எட்டவேயில்லை. சுகிமோரியிடம் இரண்டு இருந்தன. ஒன்றை வாங்கிக்கொள்ள வழியில்லையே என்ற ஏக்கம் அவருக்கு. பிடிப்பதும் மாற்றிக்கொள்வதும் ஆகிய இரண்டும் சேர்ந்து ஒரு விளையாட்டாகத் திரள ஏறத்தாழ ஆறாண்டுகள் சென்றன. முதலில் அதற்கு இட்ட பெயர் ‘கெப்சூல் மொன்ஸ்டர்’. கடைவாயிற் பொறியில் நாணயம் போட்டால் உருண்டு விழும் பொம்மைக் குமிழ்களும், 1967 இல் தொலைக்காட்சியில் வந்த ‘அல்ட்ரா செவன்’ என்னும் வீரன் குமிழுக்குள் அடைத்து வைத்திருந்த விலங்குகளும் அவ்வெண்ணத்துக்கு வித்து. அப்பெயர் நிலைக்கவில்லை. 1996 பெப்ரவரி 27 ஆம் நாள் ‘பொக்கெட் மொன்ஸ்டர்’ என்ற பெயரில், சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக அது வெளிவந்தது. உலகம் இன்று ‘போக்கிமோன்’ என்று சுருக்கி அழைப்பது இதனையே. சிவப்பிற் சில உயிர்கள் இரா. பச்சையிற் சில இரா. ஆகவே தோழன் ஒருவன் இன்றி எவனும் முழுத் தொகுதியையும் சேர்த்துவிட முடியாது.

இனி, பிடிக்கும் முறையைப் பார்ப்போம். புல்வெளியில் நடக்கும்போது காட்டுயிர் ஒன்று எதிர்ப்படும். விளையாடுவோன் தன்னிடமுள்ள உயிரை ஏவி அதனைத் தளர்த்த வேண்டும். தளர்ந்தபின் பந்தொன்றை எறிய வேண்டும். பந்து திறந்து உயிரை உள்ளிழுத்து மூடிக்கொள்ளும், நிலத்தில் ஆடும், ஆட்டம் அடங்கினால் உயிர் பிடிபட்டது. இதில் அடங்கிய கட்டுப்பாடு ஒன்றே எல்லாவற்றிலும் பெரிது. அடி சற்றே மிஞ்சி அவ்வுயிரின் வலு பூச்சியமாகிவிட்டால் அது மயங்கி வீழும். அதன்பின் எந்தப் பந்தாலும் அதனைப் பிடிக்க முடியாது. வலிமை மிக்கவனுக்கே இவ்விளையாட்டிற் பெருந் தொல்லை. ஓங்கி அடிக்க எவனுக்கும் தெரியும். எங்கே கையை நிறுத்துவது என்பதைத் தெரிந்தவனே தொகுதியை நிரப்புவான். இது தற்செயலாக அமைந்ததன்று. விளையாட்டில் உயிர்கள் இறவாது மயங்கவே வேண்டும் என்பதிற் தாம் மிகக் கவனமாக இருந்ததாகவும், சாவைப் பற்றி இளையோர் பிழையான எண்ணங் கொள்ளலாகாது எனக் கருதியதாகவும் தஜிரி 1999 இற் பேட்டியொன்றிற் கூறினார்.

இப்போது அம்மாணவனின் எண்களுக்கு வருவோம். ஒவ்வோர் இனத்துக்கும் 3 முதல் 255 வரையான ஓர் எண் மறைவாகக் குறிக்கப்பட்டுள்ளது. பிடியெண் என்று அதனை அழைக்கலாம். கம்பளிப்புழுவை ஒத்த ‘கேட்டர்பி’க்கு 255. குகையின் ஆழத்தில் வாழும் ‘மியூட்டூ’வுக்கு 3. 1996 இன் விளையாட்டிற் சாதாரணப் பந்தை எறிந்தவுடன் இயந்திரம் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். அது பிடியெண்ணை விஞ்சினால் உயிர் தப்பிவிடும். விஞ்சாவிடில் இரண்டாவது சோதனை: உயிரின் வலு எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதைப் பொறுத்தது அது. வலு முழுமையாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. வலு மூன்றில் ஒன்றுக்குக் குறைந்துவிட்டாலோ அச்சோதனை முழுவதும் கடந்ததாகிவிடும். அதற்குக் கீழே எவ்வளவு அடித்தாலும் ஒரு பயனுமில்லை! உயிர் உயிரோசையின்றிக் கிடக்கும்வரை அடித்துப் பின்பு பந்தெறிந்த இலட்சக்கணக்கான சிறுவர்கள் இதனை அறிந்திலர்.

அடியினும் வலியது உறக்கம். உயிரை உறங்கவோ உறையவோ செய்தால், எடுத்த எண்ணிலிருந்து 25 கழிக்கப்படும்; எடுத்த எண் 25 இற்குக் குறைவாயின் அக்கணமே பிடிபடும். நச்சும் தீப்புண்ணும் முடக்கமும் 12 மட்டுமே கழிக்கும். ‘மியூட்டூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். தளர்ந்து விழித்திருக்கும் நிலையில் அது பிடிபடும் வாய்ப்பு 256 இல் 4, அதாவது 64 எறிக்கு ஒன்று. உறங்கும் நிலையிலோ 256 இல் 29. ஏறக்குறைய 9 எறிக்கு ஒன்று. பகலில் உறங்கும் வண்டைக் கல்லின் கீழ்த் தேடிய சிறுவனை இங்கே நான் காண்கின்றேன். அவர் அதனை எண்ணித்தான் இக்கணக்கை வைத்தார் என்று சாதிக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆயினும் பொருத்தம் அழகாயிருக்கின்றது.

பந்து மூன்று முறை ஆடுகின்ற அந்த நொடிகளில் உலகெங்கும் சிறுவர்கள் பொத்தானை அழுத்திப் பிடித்தனர். வேறு சிலர் ஆட்டத்தின் தாளத்துக்கேற்ப அழுத்தினர். அவ்வாறு செய்தால் பந்து இறுகும் என்பது நம்பிக்கை. மொழியும் நாடும் வேறான பிள்ளைகளிடையே ஒரே மூடநம்பிக்கை தானாகவே முளைத்தமை ஆராய்ச்சிக்குரியது. உண்மை யாதெனின், பந்து நிலத்தைத் தொடுமுன்பே முடிவு தீர்மானிக்கப்பட்டுவிட்டது. எத்தனை முறை ஆடுவது என்பது பின்னர் கணிக்கப்படும் வெறுங் காட்சி. 2002 இல் வந்த ‘ரூபி’, ‘சஃபயர்’ பதிப்புகளில்தான் ஆட்டம் மெய்யாயிற்று. அங்கே நான்கு தனித்தனிச் சோதனைகள் நிகழ, ஒவ்வொன்றையும் கடந்தாலே பந்து ஒவ்வொரு முறையும் ஆடி இறுதியில் அடங்கும். அப்போதும் பொத்தானுக்குப் பலனில்லை.

முதல் விளையாட்டிற் சரணாலயம் ஒன்றும் உண்டு. அங்கே அடிப்பதற்கே இடமில்லை. முப்பது பந்துகள், ஐந்நூறு அடிகள், அவ்வளவே. இரை போட்டால் உயிர் நின்று தின்னும், ஆனால் பிடியெண் பாதியாகும். கல்லெறிந்தால் பிடியெண் இரட்டிக்கும், ஆனால் சினந்து ஓடிவிடும். அன்பு காட்டினால் பிடிபடாது, கடுமை காட்டினால் நில்லாது. வகுப்பறையில் முப்பதாண்டுகளைக் கழித்தவனுக்கு இவ்விக்கட்டு புதிதன்று!

1999 இன் ‘கோல்ட்’, ‘சில்வர்’ பதிப்புகளில், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எதிரியின் வலுவில் ஒன்றை மிச்சம் வைக்கும் ஓர் அடி சேர்க்கப்பட்டது. யப்பானிய மொழியில் அதன் பெயர் ‘மினெ உச்சி’. வாளின் கூரிய பக்கத்தை விடுத்து முதுகுப் பக்கத்தால் அடிக்கும் பழைய வாள்வீரர் வழக்கத்தைக் குறிக்கும் சொல் அது. கொல்லாது அடக்குதற்கு அந்நாட்டு மொழியிலேயே ஒரு சொல் ஆயத்தமாக இருந்தமை நோக்கற்பாலது.

பிடித்த உயிரைப் பந்தில் அடைத்துப் பின்னர் பிற உயிர்களோடு பொருதவிடுவது என் மனத்துக்கு உவப்பானதன்று. அவ்விளையாட்டை ஆக்கியோரும் இவ்வினாவை உணர்ந்தேயிருந்தனர். 2010 இல் வெளியான ‘பிளாக்’, ‘வைட்’ பதிப்புகளில், உயிர்களை மனிதர் விடுவிக்க வேண்டும் என முழங்கும் கூட்டமொன்று வருகின்றது. அக்கூட்டத்தை இயக்குபவனோ, எல்லோரும் தம் உயிர்களை விடுவித்தபின் தான் ஒருவன் மட்டும் வைத்திருந்து உலகை ஆளலாம் என்று கருதும் வஞ்சகன் என்பது கடைசியில் வெளிப்படும். வினாவை எழுப்பிவிட்டு, வினவியவனைக் கெட்டவனாக்கித் தப்பித்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

2016 யூலையில் கைத்தொலைபேசிக்கென வெளிவந்த ‘போக்கிமோன் கோ’வில் உயிரைத் தளர்த்தும் போரே இல்லை, விரலாற் பந்தைச் சுண்டி எறிய வேண்டும், தேடி மெய்யான வீதிகளில் நடக்க வேண்டும். 2022 சனவரியில் வந்த ‘லெஜெண்ட்ஸ் ஆர்க்கியஸ்’ இன்னும் பின்னோக்கிச் சென்றது. அங்கே உயரப் புல்லில் மறைந்து, ஓசையின்றி ஊர்ந்து, உயிர் காணாவண்ணம் பின்புறத்திலிருந்து பந்தை எறியலாம். மச்சிடாவின் வலைக்கம்புச் சிறுவன் ஐம்பது ஆண்டுகளின் பின் புல்லுக்குள் மீண்டான். மச்சிடாவின் குளம் மட்டும் மீளவில்லை.

மாணவனின் கொப்பியை மறுநாள் அவனிடமே கொடுத்தேன். அதில் ஒரு பிழை இருந்தது. ‘மியூட்டூ’ விழித்திருக்கும்போது வாய்ப்பு 256 இல் 3 என்று எழுதியிருந்தான். இயந்திரம் பூச்சியத்திலிருந்து எண்ணுகின்றது. ஆதலின் 0, 1, 2, 3 என நான்கு எண்கள் பொருந்தும் என்று சிவப்பு மையாற் குறித்தேன். அவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, அப்படியானால் உறங்கும்போது 28 அன்று, 29 என்று தானே திருத்தினான். நிகழ்தகவுப் பாடத்துக்கு அக்கணக்கையே எடுக்கலாமா என்று கணித ஆசிரியர் கேட்டார். எடுக்குமாறு சொன்னேன், விளையாட்டுப் பெட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருமாறு மாணவனுக்குச் சொன்னேன்.