மாறாத குதையும் மாறிய செயலிகளும்: ஜகுவார் கணனியின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

கோயில்களின் வரலாற்றை எழுதுவோர் திருப்பணிகளைக் குறிப்பிடத் தவறுவதில்லை. கருவறை இருந்தவாறே இருக்க, எந்த ஆண்டில் எந்த மண்டபம் புதுக்கப்பட்டது, எவர் பொருளுதவி புரிந்தார் என்பன விரிவாகக் கூறப்படும். கணனிகளின் வரலாற்றிலோ இந்நிலை அரிதாகவே காணப்படுகின்றது. புதிய இயந்திரம் தோன்றிய ஆண்டு பதியப்படுகின்றது. ஏற்கெனவே நின்ற இயந்திரத்தின் உள்ளுறுப்பை மாற்றி அதன் ஆயுளை நீட்டிய முயற்சிகள் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகின்றன. 2009ஆம் ஆண்டில் உலகின் அதிவிரைவான கணனி என்னும் இடம் இத்தகைய ஒரு திருப்பணியாலேயே கைமாறியது. அத்திருப்பணியில் எது மாறியது, எது மாறாதிருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேவையகக் கணனிகளிலும் பெருங்கணனிகளிலும் கணிப்பைச் செய்யும் உறுப்பாகிய செயலி, தாய்ப்பலகையில் 'சொக்கற்' எனப்படும் குதையொன்றில் அமர்த்தப்படுகின்றது. ஏ.எம்.டி. நிறுவனம் 2006 ஓகத்தில் வெளியிட்ட 'சொக்கற் எஃப்' என்னும் குதையில் 1207 தொடுகைகள் இருந்தன. ஒரு பகுதி மின்வலுவைக் கொண்டுவரும். ஒரு பகுதி நினைவகத்துக்குச் செல்லும். ஒரு பகுதி அயற் செயலியோடும் ஏனைய உறுப்புகளோடும் செய்தி பரிமாறும். எனவே குதை என்பது வெறும் பொருத்துமிடம் அன்று. செயலியை ஆக்குவோனுக்கும் பலகையை ஆக்குவோனுக்கும் இடையிலான எழுதப்பட்ட உடன்படிக்கை அது எனலாம். எத்தகைய நினைவகம், எத்தனை வழிகள், எவ்வளவு மின்வலு என்பன அவ்வுடன்படிக்கையிலேயே முடிவாகிவிடுகின்றன. பின்னர் வரும் செயலி எத்துணை வல்லதாயினும் இவ்வெல்லையைத் தாண்ட இயலாது.

சொக்கற் எஃபில் முதலில் அமர்ந்தவை இரு கணிப்புக் கருக்களைக் கொண்ட ஒப்டெரோன் செயலிகளாகும். அதே குதையில் நான்கு கருக்கள் கொண்ட செயலியும் பொருந்தும் என்பது வாங்குவோருக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியாயிருந்தது. 'பார்சலோனா' என்னும் அந்நாற்கருச் செயலி 2007 செப்ரெம்பரில் அறிமுகமாயிற்று. ஆனால் நினைவக முகவரிகளை மாற்றியமைக்கும் பகுதியில் பிழையொன்று கண்டறியப்பட்டமையால், திருந்திய பதிப்பு 2008இன் வசந்த காலத்திலேயே பரவலாகக் கிடைத்தது. வாக்குறுதி காக்கப்பட்டது உண்மை. காலந்தாழ்ந்து காக்கப்பட்டது என்பதும் உண்மை. மேலும், செயலி குதையில் பொருந்தினால் மட்டும் போதாது. கணனி விழித்தெழும்போது முதலில் இயங்கும் 'பயோஸ்' நிரல் அச்செயலியை அடையாளங்காண வேண்டும். பலகையை ஆக்கிய நிறுவனம் புதிய நிரலை வெளியிடாது விட்டுவிட்டால், பொருந்திய செயலியும் உயிரற்றதாகவே கிடக்கும். பழைய சேவையகங்களைப் புதுக்க முனைந்தோர் பலர் கண்ட அனுபவம் இது.

இனி ஜகுவாருக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத்திலுள்ள ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் கிறே நிறுவனம் அமைத்த இக்கணனி, 2005இல் ஏறத்தாழ 25 ரெறாபுளொப்ஸ் உச்சவேகத்துடன் தொடங்கியது. 2006இல் ஒற்றைக் கருச் செயலிகள் இரட்டைக் கருச் செயலிகளாக மாற்றப்பட, வேகம் 54 ஆயிற்று. ஆகவே உள்ளுறுப்பை மாற்றி வளர்வது ஜகுவாருக்குத் தொடக்கத்திலிருந்தே வந்த பழக்கமாகும். 2008இல் 200 பேழைகள் கொண்ட பெரும்பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் 18,688 கணுக்கள் இருந்தன. ஒவ்வொரு கணுவிலும் இரு நாற்கருச் செயலிகளும் 16 கிகாபைற் நினைவகமும் இருந்தன. 2008 நவம்பரில் வெளியான முதல் 500 கணனிகளின் பட்டியலில், 'லின்பாக்' சோதனையில் 1.059 பெற்றாபுளொப்ஸ் வேகத்துடன் அது இரண்டாம் இடத்தைப் பெற்றது. ஒரு பெற்றாபுளொப்ஸ் என்பது செக்கனுக்கு ஆயிரம் ரில்லியன் கணிப்புகளாகும். முதலிடத்தில் நின்றது லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தின் 'றோட்றன்னர்'. அதன் உள்ளேயும் வேறுவகைச் செயலிகளுடன் இரட்டைக் கரு ஒப்டெரோன்களே இருந்தன என்பது சுவையான செய்தி.

2009 யூனில் ஆறு கருக்கள் கொண்ட 'இஸ்தான்புல்' செயலி வெளிவந்தது. அதுவும் சொக்கற் எஃபிற்கே உரியது. 2008இன் நிதி நெருக்கடியை அடுத்து இயற்றப்பட்ட பொருளாதார மீட்புச் சட்டத்தின் நிதியிலிருந்து ஏறத்தாழ 2 கோடி டொலர் இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. மாற்றவேண்டிய செயலிகளின் தொகை 37,376. ஒவ்வொன்றின் மீதுமுள்ள வெப்பமகற்றும் உலோகப் பாளத்தைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, புதியதை அமர்த்திப் பூட்டவேண்டும். சொக்கற் எஃபில் ஊசிகள் செயலியில் இல்லை. வில்போன்ற மெல்லிய தொடுகைகள் பலகையிலேயே உள்ளன. அவற்றில் ஒன்று வளைந்தாலும் பழுதாவது மலிவான உறுப்பன்று, பலகையே ஆகும். உலகின் அதிநுட்ப இயந்திரத்தின் உயர்வு கைவேலைக்காரரின் பொறுமையில் தங்கியிருந்தமை வரலாற்றாசிரியர் கவனிக்கவேண்டிய ஒன்று.

அவ்வாண்டு நவம்பரில் ஜகுவார் 1.759 பெற்றாபுளொப்ஸ் காட்டி முதலிடத்தை அடைந்தது. உச்சவேகம் ஏறத்தாழ 1.38இலிருந்து 2.33 ஆக உயர்ந்திருந்தது. கருக்கள் நான்கிலிருந்து ஆறாகின. துடிப்பு வேகமும் 2.3இலிருந்து 2.6 கிகாஹேர்ட்ஸ் ஆயிற்று.

ஆயின் குதை மாறவில்லை. ஆகவே நினைவக வழியும் மாறவில்லை. ஒவ்வொரு செயலிக்கும் முன்னர் இருந்த அதே இரண்டு வழிகள், டிடிஆர்2 வகை நினைவகம், கோட்பாட்டளவில் செக்கனுக்கு 12.8 கிகாபைற். நான்கு கருக்கள் பகிர்ந்தபோது ஒன்றுக்கு 3.2 கிடைத்தது, ஆறு பகிர்ந்தபோது 2.13 ஆகக் குறைந்தது. நினைவகக் கொள்ளளவும் கரு ஒன்றுக்கு 2 கிகாபைற்றிலிருந்து 1.33 ஆயிற்று. அடுப்பில் சமையற்காரர் பெருகினர். களஞ்சியத்தின் கதவு அகலவில்லை.

இதன் விளைவு எல்லா ஆய்வுகளுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. லின்பாக் சோதனை அடர்ந்த சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது. ஒருமுறை எடுத்த தரவைப் பலமுறை பயன்படுத்துவது. காந்தப் பொருள்களின் அணுநிலை இயல்பை ஆராய்ந்து 2009இன் கோர்டன் பெல் பரிசைப் பெற்ற நிரலும் அவ்வியல்பினதே. அது ஜகுவாரில் 1.8 பெற்றாபுளொப்சுக்கு மேல் ஓடியது. வளிமண்டலத்தையும் கடலையும் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் காலநிலை நிரல்களின் தன்மை வேறு. அவை ஓர் எண்ணை எடுத்துச் சில கணிப்புகளையே செய்து அடுத்த எண்ணைக் கேட்பவை. களஞ்சியக் கதவில் காத்துநிற்போர் அவர்களே. அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் பட்டியலிலுள்ள எண்ணின் விகிதத்தில் இருந்திருக்க முடியாது. பொதுப்பணத்தில் வாங்கிய வேகம் யாருக்குச் சேர்ந்தது என்ற வினாவுக்குப் பட்டியல் விடை தராது.

இன்ரெல் நிறுவனம் 2009 மார்ச்சில் மறுவழியைத் தேர்ந்தது. பழைய குதையைக் கைவிட்டு, 1366 தொடுகைகளும் மூன்று டிடிஆர்3 வழிகளும் கொண்ட புதிய குதையை நிறுவியது. வாங்குவோர் பலகையையும் நினைவகத்தையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கவேண்டியிருந்தது. ஆனால் கதவு அகன்றது. ஓராண்டின் பின், 2010 மார்ச்சில், ஏ.எம்.டி.யும் நான்கு வழிகள் கொண்ட 'ஜி34' குதைக்கு மாறிற்று. இதனால் 2009இன் முடிவு தவறு என்று கூறுவது பொருந்தாது. புதிய இயந்திரம் என்றால் புதிய பலகைகளும் புதிய நினைவகமும் பல மடங்கு செலவும் வேண்டும். இங்கோ பேழைகளும் பிணைப்புவலையும் குளிரூட்டும் ஒழுங்குகளும் அப்படியே பயன்பட்டன. பழைய குதையிலிருந்து பெறக்கூடியதை முற்றாகப் பெற்றனர் என்பதே என் கருத்து. அதற்குமேல் அதில் எஞ்சியது எதுவுமில்லை.

2010 நவம்பரில் சீனாவின் 'தியன்ஹே-1ஏ' ஜகுவாரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. 2012இல் ஓக் றிட்ஜில் மீண்டும் திருப்பணி நடந்தது. இம்முறையும் பேழைகள் எஞ்சின. பலகைகள் யாவும் அகற்றப்பட்டு, கணு ஒவ்வொன்றிலும் ஜி34 குதையில் 16 கரு ஒப்டெரோன் ஒன்றும் வரைவியற் செயலி ஒன்றும் அமர்த்தப்பட்டன. இயந்திரத்தின் பெயரும் மாறி 'ரைற்றன்' ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அது 17.59 பெற்றாபுளொப்சுடன் முதலிடம் பெற்று, 2019 ஓகத்தில் நிறுத்தப்பட்டது. பேழைகளும் அப்போது அகற்றப்பட்டன. ஒழிந்த அவ்விடத்திலேயே 'புறொன்ரியர்' என்னும் அடுத்த இயந்திரம் நிறுவப்பட்டது.