கடல் விலகிய தெருக்கள்: ஜார்ஜ்டவுன் துறைமுகப் பகுதியும் அதன் பெயர்களும்

பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில் கடற்கரைத் தெரு என்றொரு தெரு உண்டு. இன்று லெபோ பந்தாய் என்னும் பெயர்ப்பலகை அங்கே தொங்குகிறது. அத்தெருவில் நின்று நோக்குவார்க்கு வங்கிகளின் பெருந்தூண்கள் தெரியுமேயன்றிக் கடல் தெரியாது. பெயர் பொய்யுரைக்கிறதா? இல்லை. கடல்தான் இடம் மாறிவிட்டது.

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவை ஆங்கிலேயர் பெயரால் கைக்கொண்டபோது, கோட்டையை ஒட்டி நேர்க்கோடாகச் சில தெருக்களே வகுக்கப்பெற்றன. அன்று கடற்கரைத் தெருவின் கீழ்ப்புறத்தில் அலை மோதியது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கரை அமைத்தனர். ஆளுநர் பிரெடெரிக் வெல்டின் பெயர் அதற்கு இடப்பட்டது. பழைய கரைக்கும் புதிய கரைக்கும் இடையே பிறந்த நிலத்தில், உள்ளூர்த் தெருக்கள் கடல்நோக்கி நீண்டன.

அந்நீட்சிகளுக்கு வைக்கப்பட்ட பெயர்தான் நம்மை ஈர்ப்பது. 'காட் லெபோ சூலியா', 'காட் லெபோ பாசார்' என்று இன்றும் மலாய்ப் பலகைகளில் காண்கிறோம். 'காட்' மலாய்ச் சொல்லன்று, ஆங்கிலச் சொல்லுமன்று. காசியில் கங்கைப் படித்துறையைச் சுட்டும் வடஇந்தியச் சொல்லே அது. தமிழிலும் தீர்த்தக்கட்டம் என்று வழங்குகிறோமல்லவா, அதே கட்டம். எனவே ஒரு தெருவின் பெயருக்கு முன்னே 'காட்' இருந்தால், நாம் நடப்பது ஒருகாலத்தில் கடல் இருந்த இடம் என்று கொள்ளலாம். இதனினும் எளிய நிலவரைபடம் மாணவர்க்குக் கிடைப்பது அரிது.

சூலியா தெரு தொடக்கத்தில் மலபார்த் தெரு எனப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களைச் சூலியர் என அழைத்தமையால் பின்னர்ப் பெயர் மாறியது. அவர்களுள் தலைவராக விளங்கிய காதிர் முகைதீன், 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவியவர். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றியிறக்கிய படகோட்டிகள் இப்பகுதியில் வாழ்ந்தனர். கோட்டைக்குத் தெற்கேயுள்ள தெருக்களுள் ஒன்றைத் தமிழர் படகுக்காரத் தெரு என்றே வழங்கினர். நாம் அறிந்தவரை அப்பெயரைச் சொல்வோர் இன்று மிகச் சிலரே. கப்பல், கடை என்னும் நம் சொற்கள் 'காபால்', 'கெடாய்' என மலாயில் நிலைத்துவிட்டன. நம் தெருப்பெயரோ நம் வாயிலேயே நிலைக்கவில்லை.

இரயில் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு. காட் லெபோ சீனாவில் 1907இல் எழுந்த மணிக்கூண்டுக் கட்டடம் மலாய்க் கூட்டரசு இரயில்வேயின் நிலையம். அங்கே பயணச்சீட்டு வாங்கலாம். ஆனால் தண்டவாளம் கிடையாது. சீட்டு வாங்கியவர் படகேறிப் பிறைக்குச் சென்று அங்கேதான் வண்டி பிடிக்கவேண்டும். இப்போது அது சுங்கத்துறையின் கட்டடம். நகருக்குள் ஓடிய மின்சார டிராம் 1936இல் நின்றது. அதன் இடத்தைப் பிடித்த டிராலிபேருந்தும் 1961இல் மறைந்தது. 1985இல் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வண்டிகள் தீவுக்குள் நுழைய ஃபெரி ஒன்றே வழி என்னும் நிலையும் போயிற்று.

நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் பலர்க்குப் பினாங்கு என்றாலே இத்துறைதான். கூலியாக வந்தவர் தோட்டங்களுக்குப் போயினர்; வட்டித்தொழில் செய்த நகரத்தார் பினாங்குத் தெருவில் கிட்டங்கிகளில் தங்கினர். கிட்டங்கி என்பது கிடங்கோடு உறவுடைய சொல். பொருள் வைக்கும் இடம் ஆள் தங்கும் இடமாகவும் ஆயிற்று. அதே தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து, 1894இல் வந்த வெள்ளித்தேர், தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. டிராம் போயிற்று, டிராலிபேருந்தும் போயிற்று. இவ்வழியில் இந்த ஊர்தி மட்டும் இன்னும் ஓடுகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்குமுன் மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டிலுள்ள தாத்தா பாட்டி இத்தெருக்களை எவ்வாறு அழைத்தனர் எனக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஒலி மாறாமல், அவர்கள் சொன்னபடியே எழுதட்டும்; திருத்தவேண்டா.