வௌவால் பெயர் பெற்ற விமானம்

யூகோஸ்லாவியாவில் சோஷலிச ஆட்சி நிலவிய 1980களில், தனியார் விமானம் கட்டுவதை அரசு ஐயத்துடனேயே நோக்கியது. ஸ்லோவேனியாவின் அய்டோவ்ஷ்சினா என்ற சிற்றூரில் ஈவோ பொஸ்கரோல் என்பவர், எஞ்சின் பொருத்திய தொங்குகிளைடர்களைப் பொழுது சாய்ந்த பின்னரே பறக்கவிட்டார். அந்தி வானில் முக்கோணச் சிறகுகளைக் கண்ட ஊரார் அவற்றை வௌவால்கள் என்றனர். வௌவால் இனமொன்றின் விலங்கியற் பெயர் பிபிஸ்ட்ரெல்லஸ். அதிலிருந்தே 'பிபிஸ்ட்ரெல்' நிறுவனம் பெயர் பெற்றது. பத்திரிகைக்காரனான எனக்கு விமானத்தைவிட இந்தப் பெயர்க்கதையே முதலில் பிடித்துப்போயிற்று.

ஸ்லோவேனியா 1991 இல் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1990களின் நடுப்பகுதியில் 'சைனஸ்' பிறந்தது. இருவர் அருகருகே அமரலாம். சிறகின் நீளம் ஏறத்தாழ 15 மீற்றர். எஞ்சினை நிறுத்திச் சுழலியின் இதழ்களைக் காற்றின் போக்கிற்குத் திருப்பிவிட்டால், ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றருக்கும் அப்பால் சறுக்கிச் செல்லும். வெப்பக் காற்று கிடைத்தாலோ பருந்தைப் போல மேலேறும். எஞ்சினை இயக்கினால் நாடு விட்டு நாடு போகலாம்.

போயும் காட்டினார்கள். 2004 இல் மத்தேவ்ஷ் லெனார்ச்சிச் இதில் தன்னந்தனியாக உலகைச் சுற்றினார்! இதன் சிறகைக் குறுக்கிச் செய்த 'வைரஸ்' விமானத்தின் வழிவந்த மின்விமானம், 2020 இல் ஐரோப்பிய வகைச் சான்றிதழ் பெற்றது. முழு மின்விமானமொன்றுக்கு உலகில் அதுவே முதன்முறை.

2022 இல் அமெரிக்காவின் டெக்ஸ்ட்ரன் நிறுவனம் பிபிஸ்ட்ரெலை வாங்கியது. வௌவால் பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.