வளையும் இழை

ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி. அதன் முனையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. பாதத்தில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். அதற்குமேல் அழுத்தினாலும் இழைதான் கூடுதலாக வளையுமே ஒழிய, தோலில் விழும் விசை பெரிதாக ஏறாது. அதனால் யார் கை அழுத்தினாலும் அளவு மாறுவதில்லை.

இந்த இழை முதலில் குதிரை மயிராக இருந்தது. 1890களில் ஆஸ்திரிய-ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ஃபொன் ஃப்ரை வெவ்வேறு பருமனுள்ள மயிர்களைக் குச்சியில் ஒட்டி, தோல் எவ்வளவு மெல்லிய தொடுகையை உணர்கிறது என்று அளந்தார். ஆனால் மயிர் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். கடலோர ஊரில், ஐப்பசி மழையில், அந்த அளவை நம்பவே முடியாது. போரில் தலையில் காயம்பட்டவர்களின் தொடு உணர்வை ஆராய்ந்த ஜோசஃபைன் செம்ஸும் சிட்னி வைன்ஸ்டைனும் மயிருக்குப் பதிலாக நைலானைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய நூல் 1960இல் வெளிவந்தது.

இழையின் அடுத்த பயணத்தில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாக உலகமே நம்பியிருந்தது. அவர் உடனிருந்து பார்த்தார். வலி தெரியாததால் சூடுபடுகிறது, முள் தைக்கிறது, புண்ணோடு நடக்கிறார்கள். இழப்புக்குப் பெரும் காரணம் அதுதான் என்று கண்டுகொண்டார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பிர்க், சிம்ஸ் என்ற இருவர் தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் சோதித்து, 10 கிராம் இழையை உணரும் பாதம் புண்ணிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் என்று 1986இல் எழுதினார்கள். இன்று சர்க்கரை நோயாளியின் காலைக் காக்கும் அளவுகோல், ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்களின் பாதங்களிலிருந்து வந்தது. இந்தக் கடனை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் இந்த இழைக்கு எல்லாம் தெரியாது. நாற்று நட்டு, மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போனவர் "கால் மரத்துப்போச்சு" என்று வந்தால், அது முதுகுத்தண்டில் நரம்பு வேர் நசுங்கியதாலும் இருக்கலாம். தொடு உணர்வில் பக்கத்து வேர்களின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன; ஒரு வேர் நசுங்கினாலும் இழையை அவர் உணர்ந்துவிடக்கூடும். வலி உணர்வில் அந்தப் படிவு குறைவு. எனவே இங்கே புதிய ஊசிமுனையால் இரு கால்களையும் ஒப்பிட்டுக் குத்திப் பார்ப்பதே நல்லது. பெருவிரலும் பாதத்தின் மேற்புறமும் மந்தமாகி, பெருவிரலை மேலே தூக்க முடியாவிட்டால் ஐந்தாம் இடுப்பு வேரைச் சந்தேகிக்க வேண்டும். சுண்டுவிரல் ஓரம் மந்தமாகி, நுனிக்காலில் நிற்க முடியாமல், கணுக்கால் அனிச்சையும் குறைந்தால் முதல் திருவெலும்பு வேர். வேர் நசுங்கியவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினால் வலி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே சுண்டி இழுக்கும். பிரெஞ்சு மருத்துவர் லாசேக்கின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனையை அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் எழுதினார்.

சர்க்கரை நோயில் மரப்பு பெரும்பாலும் இரு கால்களிலும், காலுறை மாட்டியதுபோல விரலிலிருந்து மேலேறும். வேர் நசுங்கினால் பொதுவாக ஒரு காலில், ஒரு பட்டையாக ஓடும். ஆகவே மருத்துவரிடம் "கால் முழுக்க" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். மரத்த இடத்தை ஒரு விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லாவிட்டால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணை மூடிக்கொண்டு அந்த இழைக்குப் பாதத்தைக் கொடுங்கள். முதுகுவலியோடு உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.