பக்கத்தில் இருந்தவர் சுவாசித்த புகை

புகையிலையில் உள்ள நஞ்சுக்கு நிக்கோட்டின் என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அந்தப் பெயரின் மூலம் தெரியும். 1560 வாக்கில் போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, புகையிலையை மருந்தென்று நம்பித் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பிரெஞ்சு மொழிக்கு ஒரு பெரிய அகராதி தொகுத்த அறிஞரும்கூட. அகராதியை உலகம் மறந்துவிட்டது. நஞ்சில் அவர் பெயர் நின்றுவிட்டது.

சிகரெட் குடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது 1950-களிலேயே ஆராய்ச்சிகளில் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவரின் கதி என்ன என்று கணக்கெடுத்துச் சொல்ல மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

1970-களில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் மேசைக்கு மேசை சாம்பல் கிண்ணம் இருக்கும். ஃபேன் போட்டால் காகிதம் பறக்கும் என்று அதைப் பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருப்பார்கள். தட்டச்சு செய்யும் அம்மா ஒருவர் நாள் முழுக்க இருமுவார். "உடம்பு ஒத்துக்கலை போலிருக்கு, லீவு போடுங்கம்மா" என்பார்கள். புகையைக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த ஆண்டுகளில் ஜப்பானில் ஒருவர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் தகேஷி ஹிராயாமா. சிகரெட்டைத் தொடாத 91,540 மனைவிமார்களை, 1966 முதல் 1979 வரை 14 ஆண்டுகள் அவருடைய ஆய்வு தொடர்ந்து கவனித்தது. கணவருக்கு என்ன பழக்கம், மனைவி எந்த நோயால் இறந்தார் என்று ஒப்பிட்டார்கள். நாளைக்கு 20 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடித்தவர்களின் மனைவிமார், புகைக்காதவர்களின் மனைவிமாரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். கணவர் பிடிப்பது கூடக் கூட, மனைவிக்கு ஆபத்தும் கூடியது. 1981 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானது.

சிகரெட் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கணக்கு தப்பு என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். பின்னாளில் வழக்குகளால் அவர்களுடைய உள் கடிதங்கள் வெளியே வந்தன. ஹிராயாமா சொன்னது சரிதான் என்று அவர்களைச் சார்ந்த நிபுணர்களே கருதியது, அதே 1981-இல் எழுதிய குறிப்பில் இருந்தது. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன், காகிதம் பொய் சொல்லாது.

சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. பிரான்சில் 1976-இல் சிமோன் வெய் கொண்டுவந்த சட்டம், 1991-இல் எவேன் சட்டம். கஃபேக்களில் புகை நின்றது 2008 ஜனவரியில். நம் நாட்டில் 1999-இல் கேரள உயர் நீதிமன்றமும், 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை போட்டன. 2003-இல் சட்டம் வந்தது. அலுவலகம், ஓட்டல் எல்லாவற்றுக்குமான விதிகள் 2008 காந்தி ஜெயந்தி அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்குள் எங்களில் பலர் ஓய்வு வயதை நெருங்கிவிட்டோம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஹிராயாமா கணக்கெடுத்தது அலுவலகத்தையோ பஸ்ஸையோ அல்ல, வீட்டை. சட்டம் போகாத இடமும் வீடுதான். குழந்தைகளுக்கு இழுப்பு, காதில் சீழ், மார்ச்சளி, பெரியவர்களுக்கு மாரடைப்பு என்று அதன் விளைவுகள் நீளுகின்றன. ஜன்னலைத் திறந்துவிட்டேன், ஃபேன் போட்டுவிட்டேன் என்பதெல்லாம் போதாது என்பதே மருத்துவர்கள் முடிவு.

நம் வயதில் பழக்கத்தை விடுவது கஷ்டம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் எழுந்து தெருவுக்குப் போவது அவ்வளவு கஷ்டமில்லை. பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் அதையாவது செய்யுங்கள், நண்பர்களே.