மூலம் என்பது எது? ஓர் உலாவி வசதியின் பழுதுகள் சொல்லும் வரலாறு

இணையப் பக்கமொன்றைச் சான்றாகக் காட்ட விரும்பும் ஆய்வாளர், திரையில் கண்ட ஒரு வரியை உறுதிசெய்ய அப்பக்கத்தின் மூலநிரலைத் திறக்கிறார். திரையில் உள்ள வரி அங்கே இல்லை. தேடிப் பார்த்தாலும் அகப்படவில்லை. உலாவி பழுதாகிவிட்டதென்றே முதலில் தோன்றும். பெரும்பாலும் உலாவியில் பழுதிருப்பதில்லை. ‘மூலம்’ என்று எதைக் கொள்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ‘வியூ சோர்ஸ்’ என்ற வசதியின் வரலாற்றை அது பிழைத்துப்போன இடங்களின் வழியே படித்தால் இது விளங்கும்.

செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இன் இறுதியில் உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்கவும் எழுதவும் ஒருசேர உதவியது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அத்தொழில்நுட்பத்தைப் பொதுவுடைமையாக்கியது. அவ்வாண்டிலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையம் வெளியிட்ட மொசைக் உலாவி, பக்கத்தின் மூலத்தைப் பார்க்கும் கட்டளையைத் தன் பட்டியலில் கொண்டிருந்தது. பின்வந்த நெட்ஸ்கேப்பும் (1994) இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் (1995) அதைத் தொடர்ந்தன. எச்.டி.எம்.எல். மனிதர் படிக்கத்தக்க எளிய உரையாகவே வழங்கியிலிருந்து வந்துசேர்வதால், அதைக் காட்டுவது உலாவிக்குப் பெருஞ்சுமையாக இல்லை. ஆயினும் அதன் விளைவு பெரிது. பிறர் செய்த பக்கத்தைத் திறந்து, படித்து, படியெடுத்து, மாற்றிப் பார்த்தே ஒரு தலைமுறை வலைப்பக்கம் செய்யக் கற்றது.

முதல் பழுது ‘மீண்டும் கேட்டல்’ தொடர்பானது. மூலத்தைக் காட்டுமாறு பயனர் கேட்டபோது, உலாவிகள் சில வேளைகளில் பக்கத்தை வழங்கியிடமிருந்து புதிதாகப் பெற்றுக் காட்டின. மாறாத பக்கங்களில் இது தெரியவில்லை. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் வழங்கி புதிதாகப் பக்கத்தை ஆக்கித் தரும் காலம் வந்ததும், திரையில் இருப்பது ஒரு படியாகவும் மூலச் சாளரத்தில் இருப்பது வேறொரு படியாகவும் ஆயின. படிவம் நிரப்பி அனுப்பியபின் வந்த பக்கமாயின், விடைக்கு மாறாக வெற்றுப் படிவத்தின் மூலமே கிட்டுவதும் உண்டு. மொசில்லா திட்டத்தின் வழுப்பதிவேட்டில் இது நெடுநாள் விவாதிக்கப்பட்டது. திரையில் உள்ள பக்கம் எந்த உரையிலிருந்து உருவானதோ அதே உரையைக் காட்ட வேண்டும் என்பதே அங்கு எழுந்த கோரிக்கை. சுவடிப் பதிப்பாளர் தம் கையிலுள்ள ஏட்டையே பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு இது ஒப்பானது.

இரண்டாவது பழுது இதற்கு நேர்மாறானது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மூலத்தை நோட்பேடில் திறந்தது. அதற்குத் தற்காலிக இணையக் கோப்புகள் கோப்புறையில் உள்ள படியையே அது நம்பியிருந்தது. அக்கோப்புறை நிறைந்துவிட்டால் கட்டளையை எத்தனை முறை சொடுக்கினாலும் எதுவும் நிகழாது, பிழைச்செய்தியும் வராது. கோப்புறையைக் காலிசெய்வதே தீர்வாயிற்று. படியெடுத்து வைக்க இடமில்லையெனில் மூலமும் இல்லை என்பதே அப்பழுதின் பொருள்.

தமிழ்ப் பக்கங்களுக்கு மூன்றாவதொரு சிக்கல் இருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன், டிஸ்கி போன்ற எட்டுபிட் குறியீட்டு முறைகளிலும் தளத்துக்கொன்றான எழுத்துருக்களிலும் தமிழ் இயங்கியது. திரையில் தமிழாகத் தெரிந்த பக்கத்தின் மூலத்தைத் திறந்தால், குறிச்சொற்கள் தெளிவாக இருக்கும். தமிழ் இருக்கவேண்டிய இடத்திலோ குறியிட்ட இலத்தீன் எழுத்துகள் நிரம்பியிருக்கும். மூலச் சாளரம் பக்கத்தின் எழுத்துருவைப் பயன்படுத்தாததே காரணம். பக்கமே சரியாகத் தெரியாதபோது, எந்த எழுத்துருவை நிறுவ வேண்டும் என்பதை அதே மூலத்தில் எழுத்துருவின் பெயரைத் தேடி அறிந்தவர்களும் உண்டு. அக்காலப் பக்கங்களை இன்று ஆவணப்படுத்துவோர் எழுத்துருவையும் குறியீட்டு முறையையும் சேர்த்துக் காக்காவிடில், எஞ்சுவது படிக்கவியலாத உரையே.

நான்காவது மாற்றம் மூலம் என்ற கருத்தையே பிளந்தது. 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் வெளியானபின், பக்கம் வந்துசேர்ந்த பிறகே அதன் உள்ளடக்கத்தின் பெரும்பகுதியை நிரல் கொணர்ந்து சேர்ப்பது இயல்பாயிற்று. ‘வியூ சோர்ஸ்’ வழங்கி அனுப்பிய உரையைக் காட்டும். நிரல் பின்னர் சேர்த்தது அதில் இராது. 2006-இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக் போன்ற கருவிகளும் இன்றைய உலாவிகளின் ஆய்வுக் கருவிகளும் நிரல் மாற்றியமைத்த பின்னுள்ள வடிவத்தைக் காட்டுகின்றன. முன்னது வந்த ஏடு; பின்னது உரையாசிரியர் கைபட்ட ஏடு. தொடக்கத்தில் சொன்ன ‘காணாமற்போன வரி’ பெரும்பாலும் பின்னதில் இருக்கும்.

இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கமன்று என்பதை 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் காட்டியது. மாநிலக் கல்வித்துறையின் இணையதளத்தில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் பக்க மூலத்தில் பொதிந்திருந்ததைச் செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பேட்ச் இதழின் செய்தியாளர் கண்டறிந்தார். துறைக்குத் தெரிவித்து, குறை நீங்கிய பின்னரே இதழ் செய்தி வெளியிட்டது. ஆளுநர் மைக் பார்சனோ அதை ஊடுருவல் எனச் சாடி, வழக்குத் தொடர வேண்டுமென்றார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்ட மறுத்தார். எவருடைய உலாவிக்கும் வழங்கி தானே அனுப்பிய உரையைப் படிப்பது குற்றமாகலாம் என்று ஓர் அரசு கருதிய அந்த நான்கு மாதங்கள், இவ்வசதியின் வரலாற்றில் மறக்கத்தக்கவை அல்ல.

ஆய்வு மாணவர்க்கு இவ்வரலாறு தரும் நெறி எளிது. இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டுவோர் முகவரியோடு நாளையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். வழங்கி அனுப்பிய மூலத்தையும் உலாவி அமைத்த வடிவத்தையும் தனித்தனியே சேமிக்க வேண்டும். 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவின் படிகளைத் திறந்து பார்ப்போர், அவற்றின் மூலத்தில் அந்நிறுவனம் சேர்த்த வரிகளும் மாற்றியமைத்த இணைப்புகளும் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். இடைச்செருகலைப் பிரித்தறியப் பழகிய துறைக்கு இது கடினமான வேலையன்று; திரையும் ஓர் ஏடே என்று ஏற்றுக்கொண்டால் போதும்.